வேகத்துக்கு ஓர் எண்: ரேடார் துப்பாக்கியும் இளையர் பேஸ்பாலும்

சாலையோரத்தில் போக்குவரத்துக் காவலர் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வாகனங்களை நோக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் 1 முதல் சிவப்பு விளக்கு கேமராக்களிலும் வேகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி படிப்படியாகச் செயல்படத் தொடங்கியது. வாகனமோட்டிகள் பயப்படும் இந்த வேகக் கருவி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விளையாட்டுத் திடலுக்குள் நுழைந்தது. பிறகு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கைவரை வந்து சேர்ந்தது. ‘அறிவியல் கருவிகளின் நன்மை தீமைகள்’ என்று கட்டுரை கொடுத்தால் நம் மாணவர்களுக்குக் கைப்பேசியைத் தவிர வேறு எடுத்துக்காட்டு தோன்றுவதில்லை. அவர்களுக்கு இந்த வரலாறு உதவும்.

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமான ஆட்டம் இல்லை. நம் பள்ளிகளில் அதன் தங்கை என்று சொல்லத்தக்க மென்பந்து இணைப்பாட நடவடிக்கையாக இருக்கிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு போதும்: பேஸ்பாலில் பந்தைத் தரையில் குத்தாமல் நேராக மட்டைக்காரரை நோக்கி எறிவார்கள். எறிபவர் பிட்சர். அவர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டைக்காரர் நிற்கும் தட்டுவரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜம் 20.12 மீட்டர். கிரிக்கெட்டில் ஓடிவந்து போடலாம். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். அந்த வேகம் முழுவதும் இடுப்பு, தோள், முழங்கை வழியாகத்தான் வர வேண்டும். இந்த முழங்கையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகவும், நம்மைக் கடந்து போனபின் சற்று மந்தமாகவும் கேட்கும். அலையை அனுப்பும் பொருள் நகரும்போது நமக்கு வந்து சேரும் அலையின் எண்ணிக்கை மாறும் என்பதை 1842ஆம் ஆண்டு பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கினார். அவர் பேசியது விண்மீன்களின் ஒளியைப் பற்றி. அதே 1842இல்தான் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பந்தயத் திடல் இன்றைய ஃபேரர் பார்க் பகுதியில் இருந்தது. லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி சாப்பிட நாம் போகும் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது இதனால்தான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. குதிரையின் வேகத்தைக் கடிகாரம் கொண்டு அளக்கலாம். ஓடும் தூரம் தெரியும், நேரம் தெரியும், வகுத்தால் விடை. அரை விநாடிக்குள் முடிந்துவிடும் ஓர் எறியை அப்படி அளப்பது எப்படி?

அமெரிக்காவில் இதற்குப் பல வேடிக்கையான வழிகளைப் பார்த்தார்கள். 1912இல் வால்டர் ஜான்சன் என்ற புகழ்பெற்ற பிட்சரை கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். தோட்டாவின் வேகத்தை அளக்கும் சாதனத்தின் வழியே பந்தை எறியச் சொன்னார்கள். விநாடிக்கு 122 அடி என்று வந்தது. மணிக்கு 83 மைல், அதாவது சுமார் 134 கிலோமீட்டர். 1940இல் பாப் ஃபெல்லரின் பந்தோடு ஒரு மோட்டார் சைக்கிளைப் போட்டிக்கு விட்டார்கள். வண்டி மணிக்கு 86 மைல் வேகத்தில் அவரைக் கடந்து போகும்போது அவர் பந்தை எறிய வேண்டும். வண்டி முந்திப் போயும் பந்துதான் முதலில் இலக்கில் பட்டது. 1946இல் அதே ஃபெல்லரை ராணுவத்தின் கருவி ஒன்று வாஷிங்டனில் 98.6 மைல் என்று அளந்தது. இவையெல்லாம் எப்போதாவது நடந்த காட்சிகள். ஒரு சாதாரணப் பயிற்றுநர் தன் அணியிலுள்ள பையனின் வேகத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அதற்குக் கண்ணும் காதும்தான். கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தத்தை வைத்தே வேகம் சொன்ன முதியவர்கள் இருந்தார்கள்.

இதற்கிடையில், டாப்ளர் சொன்ன தத்துவத்தை வைத்து ரேடார் மூலம் வாகன வேகத்தை அளக்கும் முறை 1940களின் இறுதியில் அமெரிக்கக் காவல்துறைக்குப் போயிருந்தது. அது திடலுக்கு வந்த கதைதான் சுவையானது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்றுநர் டேனி லிட்வைலர். முன்னாள் ஆட்டக்காரரான அவருக்குப் புதுப்புதுக் கருவிகளைக் கண்டுபிடிப்பதில் ஆர்வம் அதிகம். 1974இல் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில், வளாகத்தில் வேகமாக வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கக் காவலர்கள் ரேடார் துப்பாக்கி வாங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. படித்தவுடன் அவருக்கு ஒரு கேள்வி: காரை அளக்கிறதே, பந்தை அளக்காதா? காவலர்களின் கருவியைக் கொண்டு தம் பிட்சர்களை எறியச் சொல்லிப் பார்த்தார். அளந்தது. பிறகு ஓரிகன் மாநிலத்தில் பந்தெறி இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜக்ஸ் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டார். அந்த நிறுவனம் பேஸ்பாலுக்கென்றே ஒரு ரேடார் துப்பாக்கியை உருவாக்கியது. மாணவர் இதழில் வந்த சின்னச் செய்தி ஒரு விளையாட்டையே மாற்றியிருக்கிறது. செய்தித்தாள் படிக்கச் சொல்லி நாம் தலையால் தண்ணீர் குடிக்கிறோமே, அப்போது சொல்ல ஒரு நல்ல கதை.

1974ஐ இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் நோலன் ரயனின் எறியை அறிவியலாளர்கள் 100.9 மைல் என்று அளந்தார்கள். நூறைத் தாண்டிய அந்த எண் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அடுத்த மாதம், செப்டம்பர் 25ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிராங்க் ஜோப் என்ற அறுவை மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சரின் இடது முழங்கையைத் திறந்தார். முழங்கையின் உட்பக்கத்தில் இரண்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்துபோயிருந்தது. மற்றக் கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்தினார். நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று சொல்லிச் செய்த சிகிச்சை அது. டாமி ஜான் 1976இல் திடலுக்குத் திரும்பி 1989வரை, 46 வயதுவரை ஆடினார். இன்றைக்கும் அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான். வேகத்தைத் துரத்தும் கருவியும், வேகத்தால் கிழிந்ததைத் தைக்கும் சிகிச்சையும் ஒரே ஆண்டில் பிறந்தன. ஒன்றால் மற்றொன்று வந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் அதன்பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளும் இந்த இரண்டும் கைகோத்தே நடந்திருக்கின்றன.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஓரளவாவது தெரிந்துகொண்டால்தான் அது எங்கே தவறும் என்பது புரியும். காவல்துறை பயன்படுத்தும் ஒருவகைக் கருவி விநாடிக்கு 24.15 பில்லியன் அலைகளை அனுப்புகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் பந்தில் பட்டுத் திரும்பும்போது விநாடிக்குச் சுமார் 6,260 அலைகள் கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. அதைக் கணக்கிட்டு உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி ஓர் எண்ணைக் காட்டுகிறது. பந்து நேரே கருவியை நோக்கி வந்தால் அந்த எண் சரி. கருவியைப் பிடித்தவர் பக்கவாட்டில் நின்றால் எண் குறையும். பந்தின் பாதைக்கு 10 பாகை விலகி நின்றால் 140 என்பது 138 ஆகும். 20 பாகை என்றால் ஏறக்குறைய 132. 30 பாகை விலகினால் 121தான். பையன் அதே பையன், பந்து அதே பந்து. (கோசைன் எதற்குப் படிக்கணும் என்று கேட்கும் மாணவருக்கு இந்தப் பத்தியைக் காட்டலாம்.)

இன்னொரு சிக்கல் காற்று. கையை விட்டுப் புறப்படும்போது 90 மைல் வேகமுள்ள பந்து தட்டுக்கு வரும்போது 82, 83 மைலாகக் குறைந்துவிடும். அப்படியானால் எந்த இடத்தில் அளப்பது? தொடக்கக் காலத்தில் இரண்டு நிறுவனங்களின் கருவிகள் புழக்கத்தில் இருந்தன. ஜக்ஸ் கருவி பந்து கையை விட்டதும் பிடித்துவிடும். மற்றொன்று பந்து தட்டை நெருங்கும்போது பிடிக்கும். இரண்டுக்கும் சுமார் 4 மைல் வேறுபாடு. திறமை தேடி ஊர் ஊராகப் போகும் முகவர்கள் முன்னதை ‘வேகத் துப்பாக்கி’ என்றும் பின்னதை ‘மெதுவான துப்பாக்கி’ என்றும் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பையனைப் பற்றி 88 என்று ஒருவர் எழுதி அனுப்பினால், எந்தத் துப்பாக்கி என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நோலன் ரயனின் 100.9கூட தட்டுக்கு அருகில் அளந்ததுதான். இன்றைய முறையில், கையருகில் அளந்திருந்தால் அது 108.5 ஆக இருந்திருக்கும் என்று ‘ஃபாஸ்ட்பால்’ என்ற ஆவணப்படத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். 2010 செப்டம்பர் 24இல் அரோல்டிஸ் சாப்மன் எறிந்த பந்து 105.1 மைல் என்று பதிவானது. அளக்கும் இடத்தைப் பின்னால் மாற்றிக் கணக்கிட்டதில் அதே பந்து 105.8 ஆகிவிட்டது. முடிந்துபோன எறி இருந்த இடத்திலேயே வேகம் கூடியிருக்கிறது!

பெரியவர்களின் ஆட்டத்தில் இது விவாதத்துக்குரிய சுவாரசியம். பிள்ளைகளின் ஆட்டத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

அமெரிக்காவில் 12 வயதுவரையுள்ளவர்கள் ஆடும் லிட்டில் லீக் ஆட்டத்தில் எறியும் தூரம் 46 அடி மட்டும். ஆண்டுதோறும் நடக்கும் அவர்களின் உலகத் தொடரைத் தொலைக்காட்சியில் காட்டும்போது, ஒரு பிள்ளை 70 மைல் வேகத்தில் எறிந்தால், ‘இது பெரியவர்களின் ஆட்டத்தில் 92 மைலுக்குச் சமம்’ என்று திரையில் போடுவார்கள். தூரம் குறைவு, அதனால் மட்டைக்காரருக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு என்ற வகையில் அந்தக் கணக்கு சரிதான், 70ஐ 60.5ஆல் பெருக்கி 46ஆல் வகுத்தால் 92 வரும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் இன்னொரு பிள்ளையின் மனத்தில் தங்குவது 92தான். வகுத்தலும் பெருக்கலும் தங்குமா?

2001இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணிக்காக ஆடிய டேனி அல்மோன்டே இந்தத் தொடரில் எதிரணியைத் திணறடித்தார். ரேடார் எண்களைப் பார்த்து நாடே வியந்தது. தொடர் முடிந்த சில நாட்களில் உண்மை வெளியே வந்தது: அவருக்கு வயது 12 இல்லை, 14. பிறப்புச் சான்றிதழில் பெரியவர்கள் செய்த வேலை. அணியின் வெற்றிகள் அனைத்தும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. கருவி வேகத்தைச் சரியாகத்தான் சொன்னது. வயதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் மனிதர்கள். அந்த எண்ணின் பளபளப்பில் கேள்வி தாமதமாகவே வந்தது.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவை முழுமையாகக் கெட்டிப்படும்வரை தசைநாரைவிடப் பலவீனமானவை. திரும்பத் திரும்ப எறிவதால் முழங்கையின் உட்புறத்தில் வரும் பாதிப்புக்கு 1960லேயே ‘லிட்டில் லீக் முழங்கை’ என்று மருத்துவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே ரேடார் வருவதற்கு முன்பே வலி இருந்தது. கருவி செய்தது என்ன? முன்பு ‘நல்லா எறியிறான்’ என்று முடிந்துபோன பாராட்டுக்கு இப்போது ஓர் அளவு கிடைத்துவிட்டது. நேற்று 74, இன்று 76, அடுத்த வாரம் 78 வேண்டும். கட்டுப்பாடு, பந்தின் வளைவு, மட்டைக்காரரின் மனத்தைப் படிப்பது இவற்றுக்கெல்லாம் திரையில் எண் வராது. எண் வருவதைத்தான் பெற்றோர் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கல்லூரி முகவரும் அதைத்தான் முதலில் கேட்கிறார். இன்று சட்டைப்பையில் அடங்கும் ரேடார் கருவியைச் சில நூறு வெள்ளிக்கு யாரும் வாங்கலாம். முகவர் கையிலிருந்த துப்பாக்கி அப்பாவின் கைக்கு வந்துவிட்டது.

அலபாமா மாநிலத்திலுள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிலையத்தின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முழங்கை அல்லது தோள் அறுவை சிகிச்சைக்கு வந்த 95 இளம் பிட்சர்களைக் காயமில்லாத 45 பேரோடு ஒப்பிட்டார்கள். 85 மைலுக்கு மேல் எறிந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்தவர்களுக்கு 36 மடங்கு. இந்த இரண்டாவது எண்ணைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்றுதான் எனக்குத் தோன்றியது. பிழை இல்லை. 2011இல் வந்த இன்னொரு ஆய்வில் 481 சிறுவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்கள் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு மூன்றரை மடங்காக இருந்தது. லிட்டில் லீக் 2007இல் எறிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கொண்டுவந்தது: 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11, 12 வயதுக்கு 85. வரம்பு எண்ணிக்கைக்குத்தான் இருக்கிறது. வேகத்துக்கு யாரும் வரம்பு போடவில்லை, போடவும் முடியாது.

நம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் டி-மதிப்பெண்ணை எடுத்துவிட்டு அடைவுநிலைகளைக் கொண்டுவந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. திடலில் இன்னும் 88க்கும் 89க்கும் பெரிய வேறுபாடு பார்க்கிறார்கள், கருவியைப் பிடித்தவர் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாலும்.

இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்த கதையில் நம் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் இருக்கிறது. விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் 2007-08இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியை இந்தியாவில் நடத்தினார்கள். இத்தனை கோடி கிரிக்கெட் கைகள் இருக்கும் நாட்டில் ஒரு பேஸ்பால் கையாவது இருக்காதா என்பது அவர்கள் கணக்கு. நகரம் நகரமாகப் போய் வலை கட்டி, ரேடார் துப்பாக்கியை வைத்து, யார் வேண்டுமானாலும் எறியலாம் என்றார்கள். 37,000 பேருக்கு மேல் எறிந்தார்கள். பேஸ்பாலைத் தொலைக்காட்சியில்கூடப் பார்க்காதவர்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. எண்தான் நடுவர்.

வென்றவர் ரிங்கு சிங். வாரணாசிக்கு அருகிலுள்ள பதோஹி மாவட்டத்துக்காரர். லாரி ஓட்டுநரின் மகன். 87 மைல், அதாவது சரியாக 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் அமெரிக்க டாலர். இரண்டாவது வந்தவர் தினேஷ் படேல், அவரும் வாரணாசிப் பக்கம். இருவருமே லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். கிரிக்கெட் நாட்டில் தேடியபோது கிடைத்தது ஈட்டி எறிபவர்களின் கை. ரிங்கு எறிவதற்கு முன் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்பாராம். நடத்தியவர்களுக்கு அதுவே வியப்பாக இருந்திருக்கிறது. 2008இல் அமெரிக்காவுக்குப் போய்த் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்றுநரிடம் பேஸ்பாலை அ, ஆ விலிருந்து கற்றார்கள். அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலை 4இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர்கள் ஆனார்கள். 2014இல் டிஸ்னி இதைத் திரைப்படமாக்கியது. இசை ஏ.ஆர். ரகுமான்.

படம் ஒப்பந்தத்தோடு நின்றுவிடும். வாழ்க்கை அப்படி நிற்கவில்லை. தினேஷை 2010 முடிவில் அணி விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு கீழ்நிலை அணிகளில் படிப்படியாக முன்னேறினார். 2012இல் மேற்கு வர்ஜீனியா அணியில் அவருடைய ஆட்டம் நன்றாகவே இருந்தது. 2013 முதல் கையில் காயம். அதன்பிறகு அவர் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. 2018இல் மல்யுத்த நிகழ்ச்சிக்கு ஒப்பந்தமாகி அங்கே வேறொரு பெயரில் அறியப்பட்டார். அந்த 87 பொய் சொல்லவில்லை. அந்தக் கையில் வலிமை இருக்கிறது என்பதைத் தொலைதூர ஊரிலிருந்து எடுத்துக் காட்டியது அதுதான். அந்த எண் இல்லாவிட்டால் லாரி ஓட்டுநரின் மகனை அமெரிக்க அணி எதுவும் பார்த்திருக்காது. இந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. பேஸ்பால் தெரிந்த நாட்டில் பத்து வயதிலிருந்து கற்றுக்கொள்ளும் நுணுக்கங்களைப் பத்தொன்பது வயதில் தொடங்கியவர் எட்டிப்பிடிப்பாரா என்பதற்கும் இல்லை.

நமக்கு நெருக்கமான கிரிக்கெட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கிறது. 2003 பிப்ரவரி 22இல் கேப் டவுனில் ஷோயப் அக்தர் போட்ட 161.3 கிலோமீட்டர் பந்துதான் இன்றும் அதிகாரபூர்வச் சாதனை. அதற்கு முந்தைய ஆண்டு லாகூரிலும் அவர் 161ஐத் தொட்டார். அங்கே பயன்படுத்திய கருவியை அனைத்துலக கிரிக்கெட் மன்றம் ஏற்கவில்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில், இந்தியாவுக்கு எதிராக இலங்கையின் 17 வயது மதீஷ பத்திரண போட்ட ஓர் அகலப் பந்துக்குத் திரையில் 175 என்று வந்தது! சமூக ஊடகங்களில் அந்தப் படம் பறந்தது. கருவியின் கோளாறு என்பதால் அது சாதனையாகவில்லை. 2022இல் அயர்லாந்தில் புவனேஸ்வர் குமாரின் பந்துக்கு 201 என்று காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். மிதவேகப் பந்துவீச்சாளர் என்று ஊருக்கே தெரியும். 17 வயதுப் பையனின் 175ஐப் பார்த்துச் சிரிக்கவில்லை, நம்பப் பார்த்தார்கள். நல்லவேளையாக, பத்திரண பிறகு சென்னை சூப்பர் கிங்ஸில் பெயர் வாங்கியது கடைசி ஓவர்களில் அவர் போடும் யார்க்கர்களால். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் அப்படித்தான். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவரை இந்திய அணிவரை கொண்டுபோனது யார்க்கர்தான். வேகத் திரையில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

மாறாக, 2024 மார்ச் 30இல் லக்னோவில் முதல் ஐபிஎல் ஆட்டம் ஆடிய 21 வயது மயங்க் யாதவ் 155.8ஐத் தொட்டார். மூன்று நாள் கழித்துப் பெங்களூரில் 156.7. அடுத்த வாரமே, ஏப்ரல் 7ஆம் தேதி, ஒரே ஓவர் போட்டுவிட்டு வலியோடு திடலை விட்டு வெளியேறினார். அந்த மூன்று ஆட்டங்களில் ஒவ்வொரு பந்துக்கும் எண் வந்தது. உடலில் என்ன நடக்கிறது என்பதற்கு மட்டும் எண் வரவில்லை.

அமெரிக்காவின் மேஜர் லீக் அமைப்பு 2024 டிசம்பரில் பிட்சர் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நேர்வேகப் பந்தின் சராசரி 2008இல் 91.3 மைலாக இருந்தது, 2024இல் 94.2 ஆகிவிட்டது. காயங்கள் கூடியதற்கு வேகத்தைத் துரத்துவதே முதன்மைக் காரணங்களில் ஒன்று என்று அந்த அறிக்கை சொல்கிறது. இந்தப் போக்கு பள்ளிப் பிள்ளைகள்வரை இறங்கியிருப்பதையும் அது குறிப்பிடுகிறது.

தொடக்கக் காலப் பயிற்றுநர்கள் இந்தத் துப்பாக்கியில் கண்ட பயன்கள் வேறு. ஒரு பிட்சரின் வேகப் பந்துக்கும் மெதுவான பந்துக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கலாம். இடைவெளி இருந்தால்தான் மட்டைக்காரர் ஏமாறுவார். ஆட்டத்தின் பிற்பகுதியில் எண் இறங்கினால் கை சோர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு அவரை உட்கார வைக்கலாம். இரண்டுமே உச்ச வேகத்தைப் பற்றியவை அல்ல. 36 மடங்கு என்ற அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது பயன் சாதாரணமானது இல்லை என்பது தெரியும்.

வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு: 46 அடியில் 70 மைல், 60 அடி 6 அங்குலத்தில் 92 மைல் என்ற கணக்கை முதலில் பலகையில் போடுங்கள். பிறகு, தொலைக்காட்சித் திரையில் அந்த 92ஐக் காட்டலாமா, கூடாதா என்று இரண்டு குழுவாகப் பிரித்துப் பேசச் சொல்லுங்கள். மென்பந்து ஆடும் மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால், எத்தனை எறிக்குப் பிறகு கை வலிக்கத் தொடங்கும், அதைப் பயிற்றுநரிடம் சொல்வாரா என்று அவரையே முதலில் கேளுங்கள்.